நாலு போல்ட்டுக்கு ஏன் இத்தனை பயம்?

காட்டூரில் ஒரு வேடிக்கை உண்டு. பெல்லிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆயுசு முழுக்க ஸ்பேனரும் கையுமாக இருந்தவர்கள். ஆனால் வாசலில் நிற்கிற காரில் இன்ஜின் மவுண்டிங் போய்விட்டால் மட்டும், "அதெல்லாம் கம்பெனிக்காரன்தான் தொடணும்" என்று சர்வீஸ் சென்டருக்கு போன் போடுவார்கள். பாய்லர் செய்த கைக்கு ஒரு ரப்பர் துண்டைப் பார்த்து பயமா?

மவுண்டிங் என்பது பிரம்ம ரகசியம் இல்லை. இரண்டு இரும்புக்கு நடுவில் ரப்பர், பெரும்பாலும் அவ்வளவுதான் (சில புது கார்களில் உள்ளே திரவமும் இருக்கும்). இன்ஜின் எடையைத் தாங்கும், அதிர்வை பாடிக்கு விடாது. முன்சக்கரம் இழுக்கிற கார்களில் பொதுவாக மூன்றோ நான்கோ இருக்கும். ரப்பர் கிழிந்தால் வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங் உதறும், கிளட்ச்சை விட்டால் "தடக்" என்று இடிக்கும். கவனிக்காமல் விட்டால் மற்ற மவுண்டிங்குகள் மேல் பாரம் ஏறி அவையும் போகும்.

மாற்றுவது எப்படி? சமதளம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். இன்ஜின் சேம்பருக்கு அடியில் பலகை வைத்து, ஜாக்கியால் எடையை மட்டும் தாங்க வேண்டும். தூக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே மவுண்டிங். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு, இன்ஜின் எடை உட்கார்ந்த பிறகு சர்வீஸ் புத்தகம் சொல்கிற டார்க்கில் முறுக்க வேண்டும். ஆயில் கசிந்து ரப்பர் ஊறியிருந்தால் கசிவை முதலில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் புதுசும் சீக்கிரமே அதே கதிதான்.

"ஆபத்தாச்சே?" என்பார்கள். ஆபத்துதான், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுத்தால்! பல கார்களில் மேல்பக்க மவுண்டிங்கை பானெட்டைத் திறந்தே மாற்றலாம், அடியில் போகவே வேண்டாம். அடிப்பக்கத்தில் இருப்பதை, ஸ்டாண்ட் இல்லாதவர்கள் தொடவே கூடாது. அதை மெக்கானிக்கிடம் விடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

அடுத்த பூச்சாண்டி, "வாரண்டி போயிடும்". இதைச் சொல்பவர்கள் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் கொடுத்த தீர்ப்பைப் படிக்கட்டும். உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். வெளியில் ரிப்பேர் செய்தாலே வாரண்டி ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, தவறான ரிப்பேரால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் சும்மா இருக்குமா? மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லேயே கார் ரிப்பேர் உரிமைக்குச் சட்டம் போட்டுவிட்டது. இங்கே 2022ல்தான் மத்திய நுகர்வோர் துறை அதற்கு ஒரு குழு அமைத்தது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புரியாத கணக்கில்லை. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுப்போகும் என்று பழைய கார்களை வைத்துத்தான் அகர்லாஃப் 1970ல் எழுதினார், 2001ல் நோபல் பரிசும் வாங்கினார். ரிப்பேர் பில்லும் அதே கதைதான். எந்த மவுண்டிங் கிழிந்தது என்று தெரியாதவர், மூன்றையும் மாற்றச் சொன்னால் மூன்றுக்கும் பணம் கட்டுவார்.

எல்லோரும் ஸ்பேனர் தூக்க வேண்டும் என்பதில்லை மக்களே. தஞ்சாவூர் ரோட்டு மெக்கானிக்கிடமே விடுங்கள், அவர் பிழைப்பும் நடக்கட்டும். ஆனால் "எது போச்சு? கழற்றின பழசைக் காட்டுங்க" என்று கேட்கிற அளவுக்காவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பில் தொகை இறங்கும்!