பலா இலையும் பகா எண்ணும்

திருவதிகைல எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு எம்.எஸ்ஸி தாவரவியல் படிக்குது. போன மாசம் லேப்டாப்போட வந்துச்சு. "மாமா, ப்ராஜெக்டுக்கு 40 பலா மரத்துல இலை அளந்திருக்கேன். இத வச்சு அடுத்து என்ன பண்றதுன்னே தெரியல."

காலேஜ்ல கம்ப்யூட்டர் பேப்பர் இல்லையான்னு கேட்டேன்.

"இருந்துச்சு மாமா. பகா எண் கண்டுபிடிக்கிற ப்ரோக்ராமை மனப்பாடம் பண்ணி எழுதினேன். பாஸ்!"

சிரிப்பு வந்தது. கூடவே வயித்தெரிச்சலும்.

தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லை. ப்ளஸ் ஒன்லயே பிரிச்சுடறோமே! பெரும்பாலான பள்ளிகளில் உயிரியல் எடுத்தால் கணினி அறிவியல் கிடையாது. தாவரவியல், விலங்கியல் க்ரூப்னா கணக்கும் காலி. அப்புறம் எம்.எஸ்ஸில வந்து "கோடிங் கத்துக்கோ"ன்னா?

இத்தனைக்கும் இதுக்கு முன்னோடி நம்ம சென்னைதான். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூணு பேரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்துல திரும்பலாம், எதுல அணுக்கள் இடிச்சுக்கும்னு கணக்குப் போட்டு ஒரு படம் வரைஞ்சாங்க. புரத அமைப்பு சரியான்னு பார்க்க இன்னைக்கும் உலகம் பூரா அந்த ராமச்சந்திரன் வரைபடம்தான்.

"எக்செல் போதாதா?"ங்கறவங்களுக்கு ஒரு கதை. மார்ச்1, செப்ட்2ன்னு மரபணுக்கள் இருந்தன. எக்செல் அதையெல்லாம் அது பாட்டுக்குத் தேதியா மாத்திடுச்சு. மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-ல் ஒரு ஆய்வு சொன்னது. கடைசியில் 2020-ல் மரபணுக்களோட பேரையே மாத்த வேண்டியதாப் போச்சு. செப்ட்2 இப்போ செப்டின்2 :-)

நிற்க. பொண்ணோட லேப்டாப்புல 'ஆர்' மென்பொருளைப் போட்டேன். இலவசம்தான். அது அளந்த இலைகளையே புள்ளிகளா வரையச் சொன்னேன். ஒரே ஒரு புள்ளி மட்டும் எங்கேயோ உச்சியில நின்னுச்சு. 145 செ.மீ.!

"ஐயோ மாமா, பலா இலை ஏது இவ்ளோ நீளம்? 14.5, புள்ளியை விட்டுட்டேன்!"

நான் சொல்லிக் கொடுக்கலை. அதுவே கண்டுபிடிச்சுது. இலையைத் தொட்டு அளந்தவளுக்குத்தான் அது தெரியும். இன்னைக்கு ஏஐ கோடு எழுதித் தந்துடும். வந்த விடை சரியான்னு பார்க்கிறது யாரு?

என் கட்சி இதுதான்: உயிரியல் மாணவர்களுக்குத் தனியா கம்ப்யூட்டர் பேப்பர் வேணாம். அவங்க அளந்த இலை, எண்ணின பூச்சி, அதுலேர்ந்தே ஆரம்பிங்க. லேப் நோட்டு மாதிரி கோடும் இருக்கட்டும். பகா எண் பாவம், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?