வீட்டுக் கூண்டில் பச்சைக்கிளியா? சட்டம் சொல்வது இதுதான்!

‘அக்கா... அக்கா...’ என்று கூப்பிடும். மிளகாய்ப்பழம் கொடுத்தால் காலில் பிடித்துத் தின்னும். பல வீடுகளில் பச்சைக்கிளியும் ஒரு பிள்ளை மாதிரிதான். ஆனால் சட்டப்படி அது வன உயிரினம். அதைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம்.

இது இன்று நேற்று வந்த விஷயம் அல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்து விற்க 1990-களின் தொடக்கத்திலேயே தடை. அந்தச் சட்டத்தைத்தான் 2022-ல் திருத்தி இறுக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நான்காம் அட்டவணையில் இருந்த பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணைக்கு வந்துவிட்டது. 25,000 ரூபாய் வரை இருந்த அபராதம் 1 லட்சம் வரை ஆனது. 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

“அப்போ லவ் பேர்ட்ஸ்?” நாம் அப்படிச் சொல்லும் குட்டிப் பறவைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய வகை. அவற்றை வளர்க்கலாம். ஆனால் ஆப்பிரிக்க சாம்பல் கிளி போன்றவற்றை ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

ஒரு கிளிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். கூண்டுக்கிளி பண்ணையில் பிறந்து வருவதில்லை. மரப்பொந்தில் இருக்கும் இறகு முளைக்காத குஞ்சுகளை எடுத்து, அட்டைப்பெட்டிகளில் நெருக்கி அடைத்துக் கடத்துகிறார்கள். வழியிலேயே செத்துப்போகும் குஞ்சுகளுக்குக் கணக்கே கிடையாது. “பாவம், வாங்கிக் காப்பாற்றினேன்” என்று ஒருவர் கொடுக்கும் பணம்தான் அடுத்த பொந்துக்கு ஏணி வைக்கிறது.

சரி, ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால்? பயந்துபோய் மொட்டை மாடியில் திறந்து விட்டுவிடாதீர்கள். இறகு வெட்டப்பட்ட, இரை தேடத் தெரியாத கிளியைக் காக்கையும் பூனையும் விட்டுவைக்காது. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் வழி.

இங்கேதான் சட்டத்தில் ஓர் ஓட்டை. விலங்கைத் தானாக முன்வந்து ஒப்படைக்க 2022 திருத்தம் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆனால் அது உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத்தான். கிளி வளர்க்கும் சாதாரண வீட்டில் சான்றிதழுக்கு எங்கே போவது? ‘கொண்டுபோனால் கேஸ் போடுவார்களோ’ என்ற பயத்தில் கூண்டு வராந்தாவிலிருந்து கொல்லைப்புறத்துக்குப் போகிறது. அபராதத்தை நான்கு மடங்காக்கியவர்கள், ‘இந்தத் தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கில்லை’ என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கலாம்.