"பழகிக்கொள்ளுங்கோ" என்பது பாதி வைத்தியம்

காதுக்குள் இரைகிறது என்று வைத்தியரிடம் போகும் முதியவர்கள் பலர் ஒரே பதிலோடு வீடு திரும்புகிறார்கள்: "வயசு போட்டுது, பழகிக்கொள்ளுங்கோ." அந்தப் பதிலில் பொய் இல்லை. இரைச்சலை அடியோடு நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லிக்கொடுக்காமல் அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகாது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இதை வயதின் கணக்கில் மட்டும் எழுதிவிடவும் முடியாது. 1987 ஒக்டோபரில், அகதிகள் தஞ்சமடைந்திருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியில் இந்தியப் படையின் ஷெல்கள் விழுந்து பலர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் பின்னர் ஹெலியையும் பொம்பரையும் கேட்டார்கள். வெடிச்சத்தம் உட்செவியின் மயிர்க்கலங்களைச் சிதைக்கும். மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. காதிலிருந்து வரவேண்டிய ஒலி குறைந்ததும், அதை ஈடுசெய்யப் பார்க்கும் மூளை இல்லாத சத்தத்தைக் கேட்கத் தொடங்குகிறது. அன்று இருபது வயதில் பங்கருக்குள் குந்தியிருந்தவர் இன்று அறுபதை ஒட்டி நிற்கிறார். ஊர் அடங்கியபின் அவர் காதில் வண்டு இரைந்தால், பழைய பயமும் கூட எழும்பக்கூடும் என்பதை வைத்தியர் நினைவில் வைத்திருக்க வேண்டாமா?

இரைச்சலை ஆபத்தென்று மனம் எண்ணும்வரை அது ஓயாது. ஆபத்தில்லை என்று கண்டுகொண்டால் மெல்லப் பின்னுக்குப் போய்விடும். இதைப் பயிற்றுவிக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. போரின் மனக்காயங்களோடு தயா சோமசுந்தரம் போன்ற மருத்துவர்கள் பல்லாண்டு உழைத்த மண் இது. உளவளத்துணையாளர்கள் இங்கே இருக்கிறார்கள். காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கையும் அவர்களையும் இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதி, கேட்டல் கருவி. கேள்வி குறைந்தவருக்கு வெளிச்சத்தம் திரும்பக் கிடைத்தாலே இரைச்சல் அடங்குவது உண்டு. அதற்கான சோதனை பிரதேச வைத்தியசாலைகளுக்கு வரவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை சிறியவை. படுக்கையறை முழு நிசப்தமாக இருக்கவேண்டாம். மின்விசிறியோ மெல்லிய வானொலியோ ஓடட்டும். காய்ச்சிய எண்ணெயைக் காதுக்குள் விடவேண்டாம். குரும்பி அடைத்திருந்தாலும் இரையும், அதை வைத்தியர் எடுத்துவிடுவார். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ காட்டாமல் விடக்கூடாது. திடீரென்று கேள்வி குறைந்தால் அன்றைக்கே போகவேண்டும். அதற்கான சிகிச்சையின் பலன் நாள்கள் கடக்கக் கடக்கக் குறைந்துவிடும்.

இன்னும் கெடாத காதுகளையும் காக்கவேண்டும். 85 டெசிபலை எட்டு மணிநேரம் தாங்கும் காது, 100 டெசிபலைக் கால்மணிநேரந்தான் தாங்கும். கோயில் வீதியில் ஒலிபெருக்கிக் குழாயின் கீழே பிள்ளைகளை நிறுத்துகிறோம். அயலூரான இணுவிலின் தவிற்கலைஞர்கள் காதடைப்பான் இல்லாமலே ஆயுள் முழுக்க வாசிக்கிறார்கள். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தும் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2007இலேயே வந்துவிட்டது. பக்திக்கு அது எதிரானதல்ல. ஆலய பரிபாலன சபைகள் பொலிஸ் வரும்வரை காத்திராமல், குழாய்களின் எண்ணிக்கையையும் சத்தத்தையும் வருகிற திருவிழாவுக்கு முன்பே குறைக்கவேண்டும்.