பழைய வண்டிக்குப் புத்துயிர்

பனையடியில் துருவேறி நிற்கும் பழைய பிக்கப் வண்டியைக் கண்டால் வீட்டுப் பெரியவருக்கு ஓர் எண்ணம் தோன்றும். வாலிபனுக்கு வேறோர் எண்ணம் தோன்றும். பெரியவர் இரும்பு வியாபாரியைக் கூப்பிட நினைப்பார். வாலிபனோ அதன் கூரையைத் தாழ்த்தி, மட்காட்டைக் கழற்றி, பெரிய எஞ்சினைப் பூட்டி, செந்நிறம் தீட்டி, பண்ணைப் பாலத்திலே பறக்கவிட வேண்டுமெனக் கனாக் காண்பான். இவ்விதம் மாற்றியமைத்த வண்டியை அமெரிக்கர் ‘ஹொட் றொட்’ என்பர். தீவகத்துப் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வரக்கூடியதே. ஆதலால் இவ்வாரம் இதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இது செல்வந்தர் தொடங்கிய விநோதமன்று. 1930 களில் தென் கலிபோர்னியாவிலே கையில் அதிகம் காசில்லாத வாலிபர்களே இதனை வளர்த்தார்கள். போர்ட் கம்பனியின் ‘மொடல் ரி’, ‘மொடல் ஏ’ வண்டிகள் அப்பொழுது பழையனவாகி மலிவாய்க் கிடைத்தன. அவற்றில் வேண்டாத பாரத்தையெல்லாம் கழற்றிவிட்டு, மியூறொக் என்னும் வற்றிய ஏரித்தரையில் ஓட்டி வேகத்தை அளந்தார்கள். 1932 இல் அதே கம்பனி 65 பரிவலுவுடைய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைச் சாதாரண மக்களுக்கு எட்டும் விலையில் வெளியிட்டது. இவ்வாலிபர்களுக்கு அது பெருவாய்ப்பாயிற்று. 1948 இல் இவர்களுக்கென ஒரு சஞ்சிகையே தோன்றியது. 1949 இல் யூற்றா மாநிலத்துப் பொன்னவில் உப்புவெளியில் வேக வாரம் நடத்தத் தொடங்கினார்கள்.

இவ்வண்டிகளின் வேகத்துக்குக் காரணம் என்ன? எஞ்சினின் தலைப்பாகத்தைச் சிறிது சீவினால், சிலிண்டருக்குள் எரிபொருளும் காற்றும் எரிகின்ற இடம் குறுகும். கலவை மேலும் நெருக்கப்பட்டு எரிவதால் அதிக வலு பிறக்கும். இதனையே நெருக்கல் விகிதத்தைக் கூட்டுதல் என்பர். ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று காபரேற்றர்களைப் பூட்டினால் எஞ்சின் இன்னும் தாராளமாக மூச்சு வாங்கும். ஆனால் நெருக்கல் கூடக்கூட நல்ல பெற்றோல் வேண்டும். எரிபொருள் தரங்குறைந்ததாயின் உரிய வேளைக்கு முன்பே தானாகத் தீப்பற்றி, எஞ்சினைச் சம்மட்டியால் அடித்தாற்போல் தட்டத் தொடங்கும்.

மாணவ நேயர்கள் இவ்விடத்தில் நம்மவர் செய்த வேலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. தீவகத்து மக்களிற் பலர் வீடு வாசலை விட்டுக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்திருந்த காலமும் அதுவே. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும், மூட்டை முடிச்சுகளை ஏற்றவும் வாகனம் வேண்டியிருந்தது. அப்பொழுது கைகொடுத்தவை ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேய வண்டிகள். 1952 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 சோமசெற்றின் எஞ்சின் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 40 பரிவலுவும் உடையது. அதன் நெருக்கல் விகிதம் ஏழுக்குச் சற்று மேல். இக்கால எஞ்சின்களிலோ அது பெரும்பாலும் பத்தளவாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். நெருக்கல் குறைவாயிருந்தபடியால், அந்தக் கிழட்டு எஞ்சின்கள் மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கண்ணைக் கரித்தது. எரியாத எண்ணெய் சிலிண்டர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. எனினும் வண்டி ஓடியது. கலிபோர்னிய வாலிபன் வேகத்துக்காக எஞ்சினின் குணத்தை அறிந்தான். நம்மூர் மெக்கானிக் உயிர் காப்பதற்காக அதே குணத்தை அறிந்தான். இருவரும் கற்ற பாடம் ஒன்றே.

இனி நம் வாலிபனின் கனாவுக்கு வருவோம். பொன்னவில் உப்பு ஓடுதளமாய் உதவுகிறது. நம் தீவகத்திலோ உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. மேலே பூசிய நிறம் மினுங்கும்போதே அடிச்சட்டம் உள்ளே உக்கிப் போயிருக்கலாம். ஆகவே பழைய வண்டியைத் திருத்துவோன் முதலிற் பார்க்க வேண்டியது அடிச்சட்டம். அடுத்தது பிறேக்கும் ஸ்ரேறிங்கும். எஞ்சின் அதற்குப் பிற்பாடே. நாற்பது பரிவலுவுக்கென அமைத்த பிறேக் இருமடங்கு வலுவைத் தடுத்து நிறுத்த மாட்டாது. பண்ணைப் பாதையிலும் வேலணை – புங்குடுதீவுப் பாதையிலும் இருமருங்கும் கடல். நடுவே சைக்கிளில் வேலைக்குப் போகும் மனிதர். அவை வேகம் பழகும் இடங்களல்ல. எஞ்சினையோ உருவத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும்.

இதனால் ஆசையைக் கைவிடு என்று நாம் சொல்லவில்லை. பழைய பிக்கப்பைத் திருத்துவது கைக்கும் மூளைக்கும் நல்ல பயிற்சி. மீன்பெட்டி ஏற்றவும், குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சாமான் கொண்டுபோகவும் உதவுமானால் அதனினும் நன்று. ஆனால் அந்த வேலையைத் தனியே செய்யற்க. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மெக்கானிக்மார் பலர் இன்று முதுமையடைந்துவிட்டனர். எந்தச் சத்தத்துக்கு எந்தத் திருகாணி என்று காதாலே அறிந்த அறிவு அவர்களுடையது. அது எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படவில்லை. துருப்பிடித்த வண்டியைப் பத்தாண்டு கழித்தும் ஒருவாறு திருத்தலாம். அவர்களிடம் கேட்க வேண்டியதை அப்பொழுது கேட்க முடியாது. பாடசாலை விடுமுறையில் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அயலிலுள்ள கராஜுக்குப் போய், அந்தப் பெரியவரின் அருகே பணிவோடு உட்காருங்கள். வண்டிக்குரிய முதல் வேலை அங்கேதான் தொடங்குகிறது.