மனச்சோர்வும் மாத்திரையும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் இல்லங்களைச் சந்திக்கும்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி: "மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யுமா, ஃபாதர்?"

பதில் எல்லாருக்கும் ஒன்றல்ல. 522 சோதனைகளைத் தொகுத்து 2018இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின்படி, 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலானவை. ஆனால் சராசரிப் பலன் மிதமானதே. நோய் கடுமையானவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிகிறது என்றும், லேசானவர்களுக்கு வேறுபாடு மிகக் குறைவு என்றும் 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. லேசான சோர்வுக்குப் பெரும்பாலும் முதலில் உதவுவது மனநல ஆலோசனையும் அன்றாட ஒழுங்குமே. கடுமையான நோயிலும் பேச்சு சிகிச்சை கைகொடுக்கும் என்பதை 2017இல் கோவா ஆய்வு உணர்த்தியது.

ஆகவே யாருக்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் மருந்து பலிக்காவிட்டால் வேறொன்று பலிக்கலாம். "செபித்தால் போதும், மாத்திரை எதற்கு?" என்று சொல்லி நடுவில் நிறுத்தச் செய்வது ஆபத்தானது. மருத்துவரை மதிக்கச் சொல்வது சீராக்கின் ஞானநூலே (அதிகாரம் 38).

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். நம் அன்பியத்தில் ஒருவர் ஒதுங்கியிருந்தால், அவரை அழைத்துச் செல்ல நாம் முன்வருவோமா?