தோள் கொடு, தோழா!

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி எட்டும் தொலைவுதான். அங்கே கருணாபுரத்தில், 2024 ஜூன் திங்களில், வரிசையாகச் சிதைகள் எரிந்த காட்சியை எவர் மறந்தார்? மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர் யார்? மாளிகைவாசிகளா? இல்லை, பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உடலை உருக்கியவர்கள்!

விற்றவன் குற்றவாளி. அதே மாதத்தில் சட்டப்பேரவை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நம் கடமை என்ன?

பக்கத்தில் நின்று மூட்டை தூக்குகிறவனுக்குக் கை நடுங்குவது நமக்குத் தெரியும். கூலி வாங்கிய மறுநாளே அவன் கடனுக்கு நிற்பது தெரியும். மனைவியின் தோடு அடகுக்கடைக்குப் போனதும் தெரியும். முதலாளி அறியுமுன், மருத்துவர் அறியுமுன், உடனுழைப்பவன் அறிகிறான். அறிந்து என்ன செய்கிறான்? ஒருவன் கேலி பேசுகிறான். ஒருவன் கைமாற்று கொடுக்கிறான். ஒருவன், வராதவனை வந்ததாகக் கணக்கில் சேர்க்கிறான். இதுவா தோழமை? படுகுழியை ஓலை போட்டு மூடுவது பரிவாகுமா?

"கொழுப்பெடுத்துக் குடிக்கிறான்" என்பர் சிலர். அல்ல, தோழர்களே! முற்றிய குடி ஒரு நோய். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனக்கோளாறுகளையும் மனநோயில் சேர்த்தது. அரசு தரும் சிகிச்சையை உரிமை ஆக்கியது. நோயாளியைப் பற்றிய செய்தியைப் பிறர் அறியாமல் காக்கச் சொன்னது.

"இன்றோடு விடு" என்று அதட்டினால் போதுமா? போதாது. நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். மருத்துவர் கண்காணிப்பு வேண்டும்.

1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிக்கு அடிமையான இருவர் சந்தித்தனர்; ஒருவர் டாக்டர், மற்றவர் பங்குத் தரகர். ஒருவர் துணையால் ஒருவர் மீண்டனர். உலகெங்கும் பரவிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அப்படிப் பிறந்ததே. துணைக்கு அத்தனை வலிமை!

ஆகவே, போதை தெளிந்த வேளையில் தனியே அழைத்துப் பேசுங்கள். குற்றப்பத்திரிகை படிக்காதீர்கள், "நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். மனம் சோர்ந்து பேச்சைக் குறைத்தவனுக்கும் இதுவே வழி. 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' இரவும் பகலும் இலவசமாக ஆலோசனை தருகிறது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அன்று அவன் இழக்கும் கூலியைப் பத்துப் பேர் பங்கிட்டுத் தாருங்கள். திரும்பி வரும்வரை அவன் வேலை பறிபோகாமல் சங்கம் காவல் நிற்கட்டும்.

ஊர்வலத்தில் தோளோடு தோள் நிற்கிறோம். சுடுகாட்டுக்குத் தூக்கவும் தோள் தருகிறோம். அதற்கு முன்னே, மருத்துவமனை வாசல் வரை அந்தத் தோளைத் தருவோம்!