கால் காசானாலும் கவர்மெண்டு காசு

தோட்டத்துப் பெரியவர்கள் இந்தப் பழமொழியைச் சும்மா சொல்லவில்லை. மழை பேஞ்சால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் செக்ரோலில் பேர் இல்லை. ஜே.கே.ஆரில் நிரந்தரமாக ரோடு வேலை பார்த்தவருக்கோ மழையானாலும் வெயிலானாலும் மாதச் சம்பளம், வயதானால் பென்ஷன். மளிகைக்கடைக்காரர் நம்பிக் கடன் கொடுத்ததும் அவருக்குத்தான்.

இன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களை விட்டு வந்த நம் பெண்கள் பலர் மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் துப்புரவு வேலை செய்கிறார்கள். கட்டடம் கவர்மெண்டுடையது, வேலை குத்தகைக்காரருடையது. அரசு மருத்துவமனைத் துப்புரவு 1997-இல் தனியாரிடம் போனது. குத்தகை கைமாறும்போதெல்லாம் பல இடங்களில் பழைய ஆளே 'புது ஆள்' என்று கையெழுத்துப் போடுகிறார்.

கையெழுத்துத்தானே என்று விடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலைச் சட்டப்படி முதல் 2 வருஷத்தில் ஆண்டு லீவு 8 நாள். 5 வருஷம் ஆனால் 16 நாள். 15 வருஷம் கூட்டிய அக்காவுக்கு இன்னும் 8 நாள்தான் என்றால், 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் வருஷத்துக்கு 500 வெள்ளிக்கு மேல் நட்டம். ஆட்குறைப்பு வந்தால், 1980-ஆம் ஆண்டு விதிப்படி 5 வருஷம் உழைத்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். 15 வருஷத்துக்கு 300 நாள். 16,000 வெள்ளிக்கு மேல் வரும். 12 மாதம் முடியாத 'புது ஆளு'க்குச் சல்லிக்காசு கிடையாது.

"2024 பிப்ரவரியிலிருந்து கவர்மெண்டில் புதுசா சேர்றவங்களுக்கும் பென்ஷன் இல்லை, இ.பி.எப்.தானே. அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வித்தியாசம் உண்டு, தம்பி. நிரந்தர வேலையில் வருஷம் ஏற ஏறச் சம்பளமும் லீவும் ஏறும். குத்தகையில் வயதுதான் ஏறும்!

படித்த பிள்ளைகள் எஸ்.பி.ஏ.வுக்கு மனுப் போடுங்கள். குத்தகையில் இருப்பவர்கள் பழைய நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். புதுக் கடிதத்தில் பழைய சேவையையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.

குத்தகையைக் கொடுப்பது அரசாங்கம். 'பழைய சேவை தொடர வேண்டும்' என்று ஒரு வரியை அதில் சேர்ப்பதும் அதன் கையில்தான் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையைக் காப்பாற்ற 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. இந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்கத் தயங்கலாமா?